கூட்டிப் பெருக்கிக் குடுத்த மேடு

எங்க அத்தைக்கு, அதாங்க எம் புருசனப் பெத்தவங்களுக்கு, ஒரே ஒரு ஆசதான். செத்தா மாமா பக்கத்துல பொதைக்கணும். உசுரோட இருந்தப்ப அந்த மனுசனுக்கும் இவங்களுக்கும் எந்நேரமும் சண்டையாம். அவரு போய்ச் சேந்தவொடன பாசம் பொத்துக்கிட்டு வந்துருச்சு.

"எதுத்துப் பேச மாட்டாருல்ல, அதான் இப்ப உங்களுக்கு அவரப் புடிச்சிருக்கு அத்தை"ன்னு சொல்வேன்.

"போடி வாயாடி"ன்னுட்டு, ஒரு வெத்தலைய மடிச்சு முந்தானையில முடிஞ்சுக்கிட்டு மேட்டுக்குக் கெளம்பிருவாங்க. ஞாயித்துக்கெழம தவறாது. மாமா தலமாட்டுக் கல்லு மேல வெத்தலைய வச்சுட்டு, அந்த வாரத்துல நான் என்னென்ன தப்பு பண்ணுனேன்னு அவருக்கு ஒப்பிச்சுட்டு வருவாங்க. நான் கேட்டிருக்கேன். பாதி பொய்யி.

மேடுன்னா எங்க லயத்துக்கு, அதாங்க தேயிலைத் தோட்டத்துல எங்களுக்கு வரிசையா கட்டிக் குடுத்த வீட்டுக்கு, கீழ, ஓடையத் தாண்டுனா இருந்த எடம். ஒரு பக்கம் ஓடை. ஒரு பக்கம் யாரும் போகாத பழைய ரோடு. மேல தேயிலை. அந்த மேட்டுல மட்டும் தேயிலை கெடையாது. ஏன் கெடையாதுன்னு எங்கள்ல ஒருத்தரும் ஒரு நாளும் கேக்கல. தேயிலை இல்லையா, சரி, நம்ம போஞ்சி போடுவோம்னு போட்டுட்டோம். ஆளுக்கு ஒரு பாத்தி. போஞ்சி, முட்டைக்கோவா, கெழங்கு. பாத்தியச் சுத்தி கவ்வாத்து மிளாறு, அதான் தேயிலைய வெட்டி விடுறப்ப விழுகுற குச்சி, அத ஊனி வேலி. மேல் கோடியில ஒரு வாகை மரம். அதுக்கடியில எங்க லயத்துச் சனம் படுத்திருந்துச்சு. ரெண்டு தலமொறையாப் பொதைச்ச எடம். பேரு கீரு எழுதுறதெல்லாம் கெடையாது. ஓடையிலேருந்து ஒரு கல்லத் தூக்கியாந்து தலமாட்டுல நட்டா முடிஞ்சுச்சு. எல்லாம் ஒரே மாதிரி உருண்டக் கல்லு. கல்லப் பாத்து ஆளக் கண்டுபுடிக்க முடியாது, எடத்தப் பாத்துத்தான். எங்க போஞ்சிப் பாத்தி வேலி முடியிற மூலையிலேருந்து நாலு எட்டு வச்சா மாமா. பக்கத்துலயே ஒரு ஆளு படுக்கிற அளவுக்கு எடம் காலியா இருக்கும். அது அத்தைக்கு. அந்த எடத்துல புல்லு மொளைக்க விட மாட்டாங்க.

எங்க ஆளுகளுக்குப் பிரசாவுரிம இல்ல, ஓட்டு இல்லேன்னு ஆக்கிட்ட காலத்துக்குக் கொஞ்சம் பொறகு இது. எனக்கு அப்ப ரெண்டு புள்ள பொறந்து, மூணாவது வயித்துல.

ஒரு நாளு வெள்ளன பெரட்டுக்களத்துல வேல பிரிச்சுக் குடுக்கிறப்ப கணக்கப்பிள்ளை சொன்னாரு. "நாளக்கழிச்சு கவுருமெண்டு ஐயா ஒருத்தரு மேட்டப் பாக்க வாறாராம்."

"எதுக்குங்க?"ன்னு கேட்டோம்.

"பாக்கத்தான்."

அவ்வளவுதான் அவருக்கும் தெரியும். ஆனா பாக்க வர்றாங்கன்னா என்ன பண்ணணும்னு எங்களுக்குத் தெரியாதா? கொழும்புலேருந்து வருசத்துக்கு ஒருக்கா பெரிய தொரை தோட்டத்தப் பாக்க வருவாரு. அதுக்கு ஒரு வாரத்துக்கு முன்னாடியே ஆரம்பிச்சிரும். தண்ணி போற கான வெட்டணும். லயத்துக்கு வெள்ளையடிக்கணும். கோழிக்கூடெல்லாம் மறைக்கணும். கால்ல புண்ணு இருக்கிறவங்க பின் லயத்துக்குப் போயிரணும். ரோட்டோரம் வரிசையா கல்லு அடுக்கி, ஒவ்வொண்ணுக்கும் சுண்ணாம்பு பூசணும். பெரிய தொரை கார்லேருந்து எறங்காமலே ஒரு பார்வ பாத்துட்டுப் போயிருவாரு. பார்வையில எங்கனாச்சும் குப்ப தட்டுப்பட்டுச்சுன்னா சின்னத் தொரைக்கு ஏச்சு, அவருகிட்டேருந்து கணக்கப்பிள்ளைக்கு, அவருகிட்டேருந்து கங்காணிக்கு, கடைசியில எங்க தலையில வந்து விடியும். அதனால, பாக்க வர்றாங்கன்னா ஒண்ணுமே கண்ணுல படக்கூடாது. எங்களுக்கு மூச்சு விடுற மாதிரி பழகிப்போன விசயம்.

எனக்கு வாய்தான் சும்மா இருக்காதே. "ஐயா, மேட்டையும் அதே மாதிரி பளிச்சுன்னு ஆக்கிப்புடுவோம். எவ்வளவு நல்லா வச்சிருக்காங்கன்னு பாத்துட்டு நமக்கே விட்டுருவாரு"ன்னு சொன்னேன்.

சொன்னது நாந்தாங்க. அதுக்குப் பொறகு எத்தனையோ பேரு மேல பழியப் போட்டுப் பாத்திருக்கேன். ஒருத்தரு மேலயும் ஒட்டல.

எல்லாரும் சரின்னாங்க. ரெண்டு நாளு வேல முடிஞ்சு வந்து மேட்டுல எறங்குனோம். மொதல்ல வேலி. "தேயிலைக் குச்சியப் பாத்தா திருடுனோம்னு எழுதிப்புடுவாங்க"ன்னு கங்காணி சொன்னாரு, அம்புட்டையும் புடுங்கி அடுப்புக்குக் கொண்டு போனோம். அப்பறம் பாத்தி. காய்ச்சது காய்க்காததுன்னு பாக்காமப் புடுங்குனோம். ஒரு வாரம் லயம் முழுக்க போஞ்சிதான், புள்ளைங்க அழுதுச்சு. அதுக்கப்பறம் மம்பட்டியப் போட்டு ஒரே மட்டமா செரைச்சு, வெளக்கமாத்தால கூட்டுனோம். மண்ணக் கூட்டுன கிறுக்குச் சனத்த நீங்க எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா? நாங்க கூட்டுனோம்.

ஸ்டோர்லேருந்து சுண்ணாம்பு வந்துருச்சு. லயத்துலேருந்து ஓடைக்கு எறங்குற பாதையோரம் அடுக்கக் கல்லு வேணும். ஓடையில தண்ணி பொங்கிப் போகுது, யாரு எறங்கிக் கல்லு தூக்குறது? நான் திரும்பி வாகை மரத்தப் பாத்தேன். பத்தொம்பது கல்லு. நல்ல கல்லு.

மத்த பொம்பளைங்க பேயறஞ்ச மாதிரி நின்னாளுங்க. "ஏண்டி, பொணக்குழிக் கல்லையா?"

"கவுருமெண்டு ஐயா வர்றப்ப பொணக்குழி தெரிஞ்சா நல்லாவா இருக்கும்? ரெண்டே நாளு. நம்ம பெரியவங்கதான, பாதையோரம் நின்னு ஐயாவுக்கு சலாம் போடட்டும். அவரு போனதும் எடத்துல வச்சிருவோம். வரிசைய மாத்தாம வச்சா யாருக்கும் கொழப்பம் இல்ல."

யாரும் கை வைக்கல. அதனால மொதக் கல்ல நானே புடுங்குனேன். மாமாவோடது. "மாமா, ரெண்டே நாளு, பொறுத்துக்கங்க"ன்னு சொல்லித்தான் புடுங்குனேன். லேசா வந்துருச்சு. அதப் பாத்துட்டு மத்தவங்களும் அவங்கவங்க ஆளப் புடுங்குனாங்க. வரிசைப்படி பாதையில வச்சு, வரிசைப்படி சுண்ணாம்பும் பூசிட்டோம். கங்காணி வந்தாரு. தலையச் சாச்சு ஒரு கண்ண மூடிப் பாத்தாரு. "வளைவுல ஏத்தயெறக்கமா இருக்கே"ன்னு சொல்லி, பெருசையெல்லாம் கீழயும் சிறுசையெல்லாம் மேலயுமா மாத்தி வச்சாரு. அவருக்கு எப்பவும் வரிசன்னா வரிசயா இருக்கணும்.

அன்னைக்கு அத்தைக்கு முட்டிவலி, லயத்துல படுத்திருந்தாங்க. அப்படித்தான் நான் நெனச்சுக்கிட்டிருந்தேன். பொறகு பாதைக்கு வந்து, என்னடி இதுன்னு கேட்டாங்க. "மாமா கல்ல கங்காணி புடுங்கிட்டாரு அத்தை, ரெண்டு நாள்ல வச்சிருவாராம்"ன்னு சொன்னேன். கண்ணு கூட சிமிட்டல நான்.

ஐயா வந்தாரு. கொட புடிக்க ஒரு ஆளு, பை தூக்க ஒரு ஆளு. தோலு சப்பாத்து போட்டிருந்ததால ஓடப் பலகை வழுக்கும்னு பயந்து பாதி தூரம்தான் வந்தாரு. அங்கயே நின்னு மேட்டப் பாத்தாரு. கையில கட்டம் போட்ட ஒரு பொஸ்தகம். சிங்களத்துல கேக்க, கணக்கப்பிள்ளை எங்களுக்குத் தமிழ்ல சொல்ல, நாங்க பெரட்டுல நிக்கிற மாதிரி கையக் கட்டிக்கிட்டு நின்னோம்.

"இதுல யாரும் குடியிருக்காங்களான்னு கேக்குறாரு."

"இல்லீங்க சாமி."

"யாராச்சும் பயிரு பச்ச வச்சிருக்கீங்களான்னு கேக்குறாரு."

"ஐயையோ, இல்லீங்க சாமி."

"கோயிலு, பொணக்குழி ஏதாச்சும் இருக்கான்னு கேக்குறாரு."

கணக்கப்பிள்ளையே எங்களத் திரும்பிப் பாத்தாரு. பெரிய எடத்து ஆளு எது கேட்டாலும் இல்லேன்னு சொல்லியே வளந்த வாயி எங்களது. எடை கூடட்டும்னு கொழுந்துல தண்ணி தெளிச்சியா, இல்லீங்க. வெறகு எடுத்தியா, இல்லீங்க. இதுக்கும் அதே மாதிரி, ஒரே கொரல்ல, "இல்லீங்க சாமி"ன்னுட்டோம். நானுந்தான். நாந்தான் சத்தமா சொன்னேன்.

அவரு எழுதிக்கிட்டாரு. கணக்கப்பிள்ளை கையெழுத்துப் போட்டாரு, கங்காணி பெருவெரல வச்சாரு. போகுறப்ப வெள்ளக்கல்லு வரிசயப் பாத்து, இது யாரு பண்ணுனதுன்னு கேட்டாரு. என்னைய முன்னாடி தள்ளி விட்டாங்க. "ஹொந்தாய், ஹொந்தாய்"ன்னு தலைய ஆட்டுனாரு. நல்லாருக்குன்னு அர்த்தம். நான் ரெண்டு நாளைக்குத் தரையில நடக்கல.

அன்னைக்குச் சாயங்காலமே மழ புடிச்சுக்கிச்சு. ஓடப் பலகைய தண்ணி அடிச்சுட்டுப் போயிருச்சு. அதோட கொழுந்துக் காலம் வேற, இருட்டுற வரைக்கும் மலையில. கல்ல நாளைக்கு வைப்போம், ஞாயித்துக்கெழம வைப்போம்னு தள்ளிக்கிட்டே போச்சு. மழ விட்டு, நாங்க பலகை போடுறதுக்குள்ள சங்கிலி புடிச்சு அளக்குறவங்க வந்துட்டாங்க. மேட்டுல அங்கங்க முளக்குச்சி அடிச்சு, குச்சியில நம்பரு எழுதிட்டுப் போனாங்க. "பாத்தியா, ஆளுக்கு ஒரு துண்டு அளந்து விடுறாங்க"ன்னு ஒருத்தி சொன்னா. எனக்குத்தான் பெரும. நாம கூட்டுன கூட்டுக்குக் கெடச்ச பரிசுன்னு நெனச்சேன்.

அப்பறம் வாகை மரத்துல ஒரு காயிதத்த ஒட்டிட்டுப் போனாங்க. சிங்களமும் இங்கிலீசும். எங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான். தோட்டத்துப் பள்ளிக்கூட மாஸ்டரக் கூப்புட்டோம். அவரு மொதல்ல மனசுக்குள்ள படிச்சாரு.

"சத்தமாப் படிங்க மாஸ்டர்."

"இது கவுருமெண்டுக் காணியாம். தோட்டத்துக் காணி இல்லையாம். வெறுங்காணின்னு போட்டிருக்கு. ஆளு இல்ல, பயிரு இல்ல, பொணக்குழி இல்ல. யாருக்கும் தேவப்படாத மிச்சக் காணி, அதனால ஏலத்துல விக்கிறாங்களாம்."

மாஸ்டரு தப்பாப் படிச்சிருப்பாருன்னு நெனச்சேன், அவரு மறுபடி வெரல வச்சுப் படிச்சாரு, அதேதான் இருந்துச்சு. நாங்க சொன்ன மூணு 'இல்லீங்க'வும் வரிசையா அதுல அச்சடிச்சு ஒட்டியிருந்துச்சு.

அத்தைதான் மொதல்ல பேசுனாங்க. "எம் புருசன விக்கிறதுக்கு இவனுக யாரு?"

எனக்கு எப்பவும் சிரிப்பு வர்ற மாதிரிதான் கேட்டாங்க. அன்னைக்கு வரல.

மறு வாரம் நானும் அத்தையும் மாஸ்டரும் கொட்டகலை போயி, அங்கேருந்து பஸ் ஏறி கச்சேரிக்கு, அதான் கவுருமெண்டு ஆபீசுக்கு, போனோம். வளைவுக்கு வளைவு எனக்கு வாந்தி. அத்தை ஒரு பேச்சு பேசல. வழக்கமா, "மாசமா இருக்கிறவ வாயக் கட்டணும்டி"ன்னு ஆரம்பிச்சிருப்பாங்க. அவங்க ஏசாம வந்ததுதான் எனக்குப் பயமா இருந்துச்சு.

கச்சேரியில காணிப் பக்கத்துல இருந்த கிளாக்கர் ஐயா யாழ்ப்பாணத்துக்காரரு. நல்ல மனுசன். அத்தைய ஸ்டூல்ல ஒக்காரச் சொன்னாரு. எங்களக் கச்சேரியில ஒருத்தரு ஒக்காரச் சொன்னதே அதுதான் மொதத் தடவ. கட்டுலேருந்து ஒரு பைலை உருவி எடுத்து விரிச்சாரு.

"இஞ்ச பாருங்கோ ஆச்சி. இது முந்தி தோட்டத்துக்காரரிட்ட இருந்து ரோட்டுப் போட எண்டு அரசாங்கம் எடுத்த காணி. ரோட்டு பிறகு மற்றப் பக்கத்தால போயிட்டுது. இது மிஞ்சிப் போச்சு. ரோட்டுப் பகுதிக்காரர் இப்ப தங்களுக்கு வேண்டாமெண்டு எழுதிப் போட்டினம்."

"சரிங்க. வேணாம்னா எங்களுக்கு விட்டுர வேண்டியதுதான?"ன்னேன்.

அவரு சிரிச்சாரு. "அப்பிடி விடேலாது பிள்ளை. மிஞ்சின காணியெண்டா முதல்ல மற்றப் பகுதியெல்லாத்துக்கும் கடிதம் போகும். பள்ளிக்கூடத்துக்கு வேணுமோ, ஆஸ்பத்திரிக்கு வேணுமோ, காட்டுப் பகுதிக்கு வேணுமோ எண்டு. பிறகு பக்கத்துக் காணிக்காரரைக் கேக்கிறது. அது உங்கட தோட்டம். தேயிலைக்கு உதவாத ஈரமண்ணாம், அவையும் வேண்டாமெண்டிட்டினம். பிறகு ஆள் போய்ப் பாத்து வகை பிரிக்கும். குடியிருந்தா ஒரு வகை, பயிர் இருந்தா ஒரு வகை, கோயில் சுடலை இருந்தா ஒரு வகை. இதில ஒண்டெண்டாலும் விக்க முன்னம் அந்தாக்களுக்கு அறிவிக்கோணும். ஒண்டுமே இல்லாட்டி வெறுங்காணி. வெறுங்காணியெண்டா நேர ஏலந்தான்."

"எங்களக் கேட்டாங்களா?"ன்னு அத்தை கேட்டாங்க.

"கேட்டுத்தானே எழுதியிருக்கு ஆச்சி. இந்தா, பெருவிரல்."

கங்காணியோட வெரலு, நீலமா, உருண்டையா, எங்களப் பாத்துக்கிட்டு இருந்துச்சு. பக்கத்துல சாய்வா இங்கிலீசுல ரெண்டு வரி எழுதியிருந்துச்சு. அது என்னன்னு மாஸ்டரக் கேட்டேன். "இவ்வளவு சுத்தமா இருந்த அரசாங்கக் காணிய நான் பாத்ததில்ல, விக்கிறதுக்கு எந்தத் தடையும் இல்லேன்னு எழுதியிருக்காரு"ன்னாரு.

எத்தனையோ ஆளுங்க, எத்தனையோ கடுதாசி, யாரோ ஒரு ரூமுக்குள்ள ஒக்காந்து நம்ம மேட்ட அந்தக் கட்டத்துல போடவா இந்தக் கட்டத்துல போடவான்னு யோசிச்சிருக்காங்க. அந்தச் சமயத்துல ஒரு போஞ்சிக்கொடி கண்ணுல பட்டிருந்தாக்கூட வேற கட்டத்துல விழுந்திருக்கும். அத நாங்க வேரோட புடுங்கித் தின்னுட்டோம்.

"நாங்களே ஏலம் கேக்கலாமாங்க?"ன்னேன்.

"பிரசாவுரிமைப் பத்திரம் இருக்கோ?"

எங்கள்ல ஒருத்தருகிட்டயும் இல்ல. அத்தை பொறந்தது இதே மலையில. அவங்க அம்மா செத்ததும் இதே மலையில. எங்களையும் ஒருத்தரு வந்து பாத்து, வகை பிரிச்சு, யாருக்கும் தேவப்படாத மிச்சம்னு ஒரு கட்டத்துல போட்டுத்தான் வச்சிருக்காங்கன்னு அந்த ஸ்டூலுக்குப் பக்கத்துல நிக்கிறப்பதான் எனக்கு ஒறைச்சுச்சு.

கிளாக்கர் ஐயாவுக்கு மனசு கேக்கல. கொரலக் கொறைச்சுச் சொன்னாரு. "ஏலத்துக்கு இன்னும் நாள் கிடக்கு. சுடலை இருக்கெண்டு எழுதித் தாங்கோ. ஐயா திரும்பவும் வந்து பாப்பார். இடத்தைக் காட்டினீங்களெண்டா அந்தத் துண்டை மட்டும் விலத்தி விடலாம். அடையாளம் இருக்குத்தானே?"

"இருக்குங்க சாமி. கண்ணக் கட்டி விட்டாலும் போயி நிப்பேன்"னு அத்தை சொன்னாங்க.

கங்காணி மாத்தி வச்சதுல எந்தக் கல்லு யாருதுன்னு தெரியல, அதனால கல்லு பாதையிலயே கெடந்துச்சு. நாலஞ்சு நாள்ல அதே ஐயா வந்தாரு. இந்தத் தடவ பலகையத் தாண்டியே வந்தாரு. லயம் முழுக்க கூடிருச்சு. மழைக்குப் பொறகு மேடு முழுக்க ஒரே மாதிரி பொடிப்புல்லு மொளச்சுக் கெடந்துச்சு, பாய் விரிச்ச மாதிரி. மொதல்ல அத்தை காட்டட்டும்னு எல்லாரும் விட்டாங்க. வயசுல மூத்தவங்க.

அத்தை விறுவிறுன்னு நடந்தாங்க. வாகை மரத்துக்கு நேரா போயி நின்னாங்க. "இங்கதான்." அப்பறம் ரெண்டு எட்டு எடது பக்கம் போனாங்க. "இல்ல, இங்க." திரும்பி லயத்தப் பாத்தாங்க, ஓடையப் பாத்தாங்க. மறுபடி நடந்தாங்க. எங்க பாத்தி இருந்த பக்கமாப் போயி, குனிஞ்சு தரையத் தடவுனாங்க. நிமுந்து என்னையப் பாத்து, ரொம்ப மெதுவா கேட்டாங்க.

"வேலி எங்கடி?"

வேலி மூலையிலேருந்து நாலு எட்டு. அப்படித்தான அவங்களுக்குத் தெரியும். வேலிய நான் அடுப்புல வச்சு சோறாக்கிட்டேன்.

அதுக்குள்ள இன்னொருத்தி ஓடி வந்து அத்தை நின்ன எடத்தக் காட்டி, "இது எங்கப்பாவோட எடம்"னா. மூணாவது ஒருத்தி, "ரெண்டு பேரும் நகருங்கடி, எம் புள்ள இங்கதான் படுத்திருக்கான்"னா. அதுல சண்டையாகி, முடியப் புடிக்கப் போயிட்டாளுங்க. ஐயா எல்லாத்தையும் பாத்துக்கிட்டு நின்னாரு. அப்பறம் கணக்கப்பிள்ளைகிட்ட ஏதோ சொன்னாரு.

"அன்னைக்கு ஒண்ணுமே இல்லேன்னீங்க. இன்னைக்குப் பத்தொம்பதுன்றீங்க, ஆனா எல்லாரும் ஒரே எடத்தக் காட்டுறீங்க. வேணும்னா தோண்டிப் பாக்கலாமான்னு கேக்குறாரு."

தோண்டவா? சனம் அப்படியே ரெண்டடி பின்னாடி போயிருச்சு. அத்தை கையெடுத்துக் கும்புட்டாங்க. "வேணாம் சாமி. வேணாம். இல்லேன்னே எழுதிக்கங்க."

அவரு பொஸ்தகத்த மூடிட்டாரு. கோவமா ஒண்ணும் இல்ல. போறப்ப வெள்ளக்கல்லு வரிசய ஒரு தடவ திரும்பிப் பாத்தாரு. அவருக்குப் புரிஞ்சுச்சோ என்னமோ.

ஏலம் பழைய ரோட்டுலயே நடந்துச்சு. நாங்களும் போயி தள்ளி நின்னோம். நான் என்னமோ பெரிய கூத்தா இருக்கும்னு நெனச்சேன். ஒரு மேச, ஒரு கொட, நாலஞ்சு ஆளு. ஒருத்தரு கத்துனாரு, ரெண்டு பேரு கையத் தூக்குனாங்க, அப்பறம் ஒருத்தரு தூக்கல. முடிஞ்சுபோச்சு. அத்தை அப்பத்தான் வெத்தலையில சுண்ணாம்பு தடவியிருந்தாங்க. அத வாயில வைக்கிறதுக்குள்ள மாமாவ வித்துட்டாங்க.

வாங்குனவரு பஜார்ல லொறி வச்சிருந்த முதலாளி. மோசமான ஆளுன்னு சொல்ல மாட்டேன். மேட்டுல போஞ்சியும் கோவாவும் போடப் போறேன்னாரு, ஞாயித்துக்கெழமையில வந்து களை புடுங்குனா கூலி தர்றேன்னாரு. எங்க போஞ்சி மேட்டுல எங்களையே போஞ்சிக்குக் களை புடுங்கக் கூப்புட்ட மனுசன என்னன்னு ஏசுறது? அதோட நிக்கல. பாதையப் பாத்துட்டு, "அந்த வெள்ளக்கல்லு லட்சணமா இருக்கே, எங்க கேட்டுக்கு ரெண்டு பக்கமும் வைக்கக் குடுங்களேன்"னாரு.

அத்தை முன்னாடி போயி நின்னாங்க. "கைய வச்சுப் பாரு."

அவரு என்ன நெனச்சாரோ, கொடைய விரிச்சுக்கிட்டுப் போயிட்டாரு.

கல்லு தோட்டத்துப் பாதையில இருந்ததால தப்பிச்சுச்சு. அதுக்கப்பறம் ஞாயித்துக்கெழம அத்தை மேட்டுக்குப் போறதில்ல, பாதைக்குத்தான். பத்தொம்பதுல எது மாமான்னு தெரியாது. அதனால பத்தொம்பதுக்கும் ஆளுக்கொரு வெத்தல. முட்டிவலியோட குனிஞ்சு குனிஞ்சு வச்சுக்கிட்டே போவாங்க. கொஞ்ச நாளு பாத்துக்கிட்டு சும்மா இருந்தேன். எத்தன நாளைக்குத்தான் சும்மா இருக்கிறது?

"ஏன் அத்தை, நான் கங்காணிகிட்ட ரெண்டு வார்த்த சிரிச்சுப் பேசுனா குதிக்கிறீங்க. நீங்க பத்தொம்பது பேருக்கு வெத்தல மடிச்சுக் குடுக்குறீங்களே, நல்லாவா இருக்கு?"

அத்தை ஒரு நிமிசம் என்னைய மொறச்சாங்க. அப்பறம் சிரிச்சாங்க பாருங்க, அங்கயே பாதையில ஒக்காந்துட்டாங்க. "அதுல ஏழு பொம்பளைங்கடி"ன்னாங்க. மேட்ட வித்ததுக்குப் பொறகு அவங்க சிரிச்சது அன்னைக்குத்தான்.

கொழும்புப் பெரிய தொரை வர்றப்பயெல்லாம் அந்தக் கல்லுக்கு மறுபடி சுண்ணாம்பு பூசுவாங்க. பூசுறது நான். வேற யாரையும் விட்டதில்ல.

அஞ்சாறு வருசம் கழிச்சு அத்தை படுத்த படுக்கையானாங்க. அதுக்குள்ள தோட்டத்துல மேல் மலையில ஒரு மூலைய பொணக்குழிக்குன்னு ஒதுக்கியிருந்தாங்க. மேட்டுலேருந்து பாத்தாக்கூடத் தெரியாத எடம். நான் கஞ்சி குடுக்கிறப்ப அத்தை என் கையப் புடிச்சாங்க.

"மாமா கல்ல யாருடி புடுங்குனது?"

"கங்காணிதான் அத்தை. சொன்னேனே."

"முட்டிவலின்னாலும் வாசல் வரைக்கும் வந்து எட்டிப் பாக்க எனக்கு முடியாதா? நீ என்னமோ அவருகிட்ட சொல்லிட்டுப் புடுங்குன."

இத்தன வருசம்! ஒரு தடவ, ஒரே ஒரு தடவ சொல்லிக் காட்டியிருப்பாங்களா? உப்பு கூடிப்போனதுக்கு ஒரு வாரம் ஏசுற பொம்பள.

"ஏன் அத்தை அப்பவே ஒரு சத்தம் போடல?"

"நானும் அந்த ஐயாவுக்குப் பயந்துக்கிட்டுத்தான இருந்தேன்"னாங்க. கொஞ்சம் மூச்சு வாங்கிட்டு, "வெள்ளையடிச்சதும் பாக்க நல்லாத்தான்டி இருந்துச்சு"ன்னாங்க.

அவங்கள மேல் மலைக்குத் தூக்கிட்டுப் போன அன்னைக்கு நான் பாதைக்குப் போனேன். மாமா கல்லு ரொம்பப் பெருசும் இல்ல, ரொம்பச் சிறுசும் இல்ல. புடுங்குனப்ப கையில இருந்த கனம் மட்டும் எனக்குக் கொஞ்சம் ஞாபகம். ஒவ்வொண்ணாத் தூக்கிப் பாத்தேன். சுண்ணாம்பு ஏறி ஏறி எல்லாம் கனத்துப் போயிருந்துச்சு. கடைசியில மூணு கல்லு மிஞ்சுச்சு. இதுக்கு மேல பிரிக்க எனக்குத் தெரியல. மூணையும் சாக்குல போட்டு எம் புருசன் தலையில ஏத்தி விட்டேன். அத்தை தலமாட்டுல மூணையும் வரிசையா நட்டேன்.

நான் யாருகிட்டயாச்சும் பல்லக் காட்டுனா பத்து நாளு பேசாத பொம்பள அவங்க. இன்னைக்கு வரைக்கும் மூணு பேரு நடுவுல படுத்திருக்காங்க. அதுல ஒருத்தராச்சும் மாமாவா இருக்கணுமேன்னுதான் நானும் வேண்டிக்கிறேன். மீதி ரெண்டும் பொம்பளையா இருந்துட்டா நல்லது.